ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை

தைப்பூசம் முடிந்த மறுநாள் ராஜினி முனீஸ்வரர் கோயில் செயலாளரைப் பார்க்கப் போனாள். கோயில் விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று யோசித்தபடி ஐந்து மாடி இறங்கினாள். கீழே வந்த பிறகும் வாக்கியம் கிடைக்கவில்லை.

கோயில் கிள்ளானில் அவள் குடியிருந்த பிளாட்டுக்குப் பின்னால் இருந்தது. சிறிய கோயில். ஓர் அரசமரம், தகரக் கூரை, சிமெண்டு முற்றம். ஜனவரியில் யாரோ உண்டியலை உடைக்கப் பார்த்தார்கள். அதன் பிறகு நிர்வாகம் உயரமான கம்பத்தில் ஒரு பெரிய எல்.ஈ.டி. விளக்கை மாட்டியது. மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை எரியும். அந்த வெளிச்சத்தில் ராஜினியின் மொட்டை மாடியில் செய்தித்தாள் படிக்கலாம்.

செயலாளர் பழனியப்பன் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க மிஸ். கோயில் பக்கமே வரமாட்டீங்க. என்ன அதிசயம்?"

ராஜினி சுபாங் ஜெயாவில் ஒரு இடைநிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். ஆசிரியை இல்லை. ஆனாலும் பிளாட்டில் எல்லோருக்கும் அவள் மிஸ்.

"ராத்திரி கொஞ்ச நேரம் அந்த லைட்ட அணைக்க முடியுமாண்ணே?"

"கோயில் லைட்டையா?"

"ஒரு படம் எடுக்கணும்."

கைப்பேசியைக் காட்டினாள். கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் ஓட்டையுள்ள புகை வளையம்.

"இது நெபுலா. வானத்துல இருக்குற வாயு மேகம். இதுக்குப் பேரு ரோசெட்."

"பூ மாதிரியில்ல இருக்கு. நீங்க எடுத்ததா?"

"பாதி எடுத்திருக்கேன். ஹைட்ரஜன் மட்டும். இன்னும் ஆக்சிஜன் எட்டு மணி நேரம் வேணும். அது உங்க லைட்ல வராது."

"அதான் கூகுள்ல இருக்குமே மிஸ்."

"போட்டோ கடையில கொடுத்தா உங்க பேத்திய இன்னும் நல்லா எடுப்பாங்க. நீங்க ஏன் ஃபோன்ல எடுத்துக்கிட்டே இருக்கீங்க?"

பழனியப்பன் சிரித்தார்.

"சரி லா. மாடியில வச்சிருக்கீங்களே, அந்தத் தொலைநோக்கிக் குழாயில சனி தெரியுமா? எனக்கு ஏழரை ஓடுது. எங்க இருக்காருன்னு பாத்துச் சொன்னா நல்லாருக்கும்."

"மேக்க இருக்காரு. இருட்டுன கொஞ்ச நேரத்துல இறங்கிருவாரு."

"எங்க இறங்குறாரு? என் தலை மேலதான் உக்காந்திருக்காரு."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நடை ஒன்பது மணிக்குச் சாத்துவார்கள். ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை அணைக்கலாம் என்றார். பத்து நாளைக்கு. தலைவரிடம் அவரே பேசிக்கொள்வார்.

"படம் எடுக்குறப்ப உங்களுக்கு மேல என்ன வேல?"

"ஒண்ணும் இல்ல. கேமரா தானா எடுக்கும்."

"அப்ப சும்மாதானே இருப்பீங்க. கோயிலப் பாத்துக்குங்க. யாராச்சும் உள்ள வந்தா எனக்கு ஒரு கால் பண்ணுங்க."

அவள் ஒப்புக்கொண்டாள்.

நான்கு ஆண்டுகளாக அவள் இந்தப் படத்தை எடுக்கப் பார்த்தாள். முதல் ஆண்டு மழை. அடுத்த ஆண்டு மவுண்டின் மோட்டார் பழுதானது. வானம் நகரும் வேகத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்புவது அந்த மவுண்ட்தான். மூன்றாம் ஆண்டு மறுபடி மழை. இந்த ஆண்டு ஹைட்ரஜன் முடிந்தது. ஹைட்ரஜன் ஃபில்டர் ஒரே ஒரு சிவப்பை மட்டும் உள்ளே விடும். நகர வெளிச்சத்தில் பெரும்பகுதி அதில் அடிபட்டுப்போகும். ஆக்சிஜனின் நீலப்பச்சை அப்படி இல்லை. வெள்ளை விளக்கு அதற்குள் நுழைந்துவிடும்.

காஜாங்கைத் தாண்டிப் போனால் இருட்டு கிடைக்கும். அவளிடம் கார் இல்லை. மவுண்டும் எதிர் எடையும் சேர்த்து இருபத்தெட்டு கிலோ.

அடுத்த ஆண்டு என்பதும் இல்லை. மேற்கே பக்கத்து நிலத்தில் முப்பத்தெட்டு மாடிக் கொண்டோ குடியிருப்புக்கு பைலிங் போட்டு, அஸ்திவாரத் தூண்களை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கிழக்கே ஏற்கெனவே ஒரு கட்டடம். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சப்போகும் வானம் போதாது.

முதல் இரவு மேகம். இரண்டாம் இரவு சரியாக ஒன்பதரைக்கு விளக்கு அணைந்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ராஜினி எல்லாவற்றையும் பொருத்தி வைத்திருந்தாள். மவுண்டைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும்; இங்கே அது மூன்று டிகிரி உயரம்தான். கிள்ளானில் அந்த உயரத்தில் கடைகளின் மாடிகள் இருக்கின்றன. எனவே ஒரு நட்சத்திரம் திரையில் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்துப் பார்த்து மவுண்டை நேராக்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும். அதை முன்பே முடித்திருந்தாள்.

ஒரு பிரேம் எடுக்க ஐந்து நிமிடம். முதல் பிரேமில் ஒன்றும் இல்லை. சாம்பல் நிறம், சில நட்சத்திரங்கள். அவள் கவலைப்படவில்லை. ஆக்சிஜன் ஒற்றைப் பிரேமில் தெரியாது. தொண்ணூற்றாறு பிரேம்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் தெரியும்.

மூன்றாவது பிரேம் ஓடும்போது கீழே சத்தம் கேட்டது. விளக்குமாறு சிமெண்டில் உரசும் சத்தம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் ஓர் உருவம் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தது. கைப்பேசியை எடுத்தாள். பழனியப்பனின் எண் வரை போனாள். உருவம் ஒரு முறை நிமிர்ந்து இடுப்பில் கைவைத்தது. அந்த நிலையை அவள் தினமும் படிக்கட்டில் பார்க்கிறாள். இரண்டாம் மாடி லெட்சுமி.

லெட்சுமியின் கணவர் ராதாகிருஷ்ணன் லோரி ஓட்டியவர். போன மாதம் இறந்தார். சாவு விழுந்த வீடு ஒரு வருடத்துக்குக் கோயிலுக்குப் போகக் கூடாது. பத்தொன்பது வருடமாகத் தினமும் அந்த முற்றத்தைக் கூட்டியவள் லெட்சுமி. பக்கவாசல் சாவியை அவளிடமிருந்து யாரும் திரும்பக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

ராஜினி கைப்பேசியை உள்ளே வைத்தாள்.

அன்று பதினான்கு பிரேம் கிடைத்தது. பிறகு மேகம்.

மறுநாள் படிக்கட்டில் லெட்சுமி எதிரே வந்தாள். சந்தைப் பையைக் கீழே வைத்தாள்.

"மிஸ், மேல இருந்து பாத்தா எல்லாம் தெரியுமா?"

"மேலதான் தெரியும்க்கா. கீழ ஒரே இருட்டு."

லெட்சுமி தலையாட்டினாள். இரண்டு படி இறங்கி நின்றாள்.

"சாமி கும்பிடல மிஸ். உள்ள பாக்கக்கூட இல்ல. முதுகக் காட்டிக்கிட்டுத்தான் கூட்டுறேன்."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"வீட்ல உக்காந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

மூன்றாம் இரவு பதினைந்து பிரேம். மொத்தம் இருபத்தொன்பது. அடுத்த இரண்டு இரவுகளும் மேகம். விளக்கு மட்டும் ஒப்பந்தப்படி அணைந்தது. விளக்குமாற்றுச் சத்தமும் கேட்டது.

ஆறாம் நாள் பழனியப்பன் ஐந்து மாடி ஏறி வந்தார். வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினார்.

"மிஸ், ராத்திரி கோயிலுக்குள்ள யாரையாச்சும் பாத்தீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"காலையில வந்து பாத்தா முற்றம் கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு இலை இல்ல. அரசமரம் கொட்டுற கொட்டுக்கு அது நடக்குற காரியமா? அஞ்சு நாளா இப்படித்தான்."

"ஓ."

"முனீஸ்வரர்தான் ராத்திரி நடமாடுறாருன்னு பேசிக்கிறாங்க. நேத்து வெள்ளிக்கிழமைகூட இல்ல. எத்தனை தேங்கா உடைச்சாங்க தெரியுமா? பெட்டாலிங் ஜெயாவுல இருந்தெல்லாம் கார் போட்டு வந்துட்டாங்க. தலைவரு லைட்டும் போட்டு கேமராவும் மாட்டணும்ங்கிறாரு. சாமி கூட்டுறத வீடியோ எடுக்கணுமாம்."

ராஜினி அறைக்குள் திரும்பிப் பார்த்தாள். மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. வானிலைப் படத்தில் வார இறுதி மேகமில்லாத நீலமாக இருந்தது.

"லைட் போட்டா சாமி வருமாண்ணே?"

பழனியப்பன் யோசித்தார்.

"அதுவும் சரிதான்."

அவர் இறங்கிப் போனார். கதவைச் சாத்திய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று ராஜினி நினைத்துப் பார்த்தாள். சாமி கூட்டுவதாக அவள் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள். அந்தச் சமாதானம் அவளுக்குப் போதவில்லை.

மாலையில் லெட்சுமி கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை.

"தேங்கா உடைக்கிறாங்க மிஸ்."

"தெரியும்க்கா."

"நான் கூட்டுன எடத்துல சூடம் கொளுத்துறாங்க. தீட்டோட போனவ நான். இந்தப் பாவம் யாருக்கு? இனிமே போகமாட்டேன்."

போகவில்லை. மேகமும் கலையவில்லை. மூன்று இரவுகளில் முற்றம் முழுக்க இலை சேர்ந்தது. காலையில் வந்தவர்கள் இலைகளைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு போனார்கள். யாரோ என்னமோ தப்பு செய்துவிட்டார்கள், சாமி கோபித்துக்கொண்டது என்றார்கள். ஒன்பதாம் நாள் மதியம் பழனியப்பனிடமிருந்து குரல்பதிவு வந்தது.

"மிஸ், இன்னிக்கு ராத்திரியும் கூட்டலன்னா நாளையில இருந்து லைட் போட்டுருவோம். சாமியே வராதப்ப இருட்டு எதுக்குன்னு தலைவரு சொல்லிட்டாரு. என்னால ஒண்ணும் பேச முடியல. கோவிச்சுக்காதீங்க."

வானம் அன்று திறந்தது. மாலையில் மேற்கே ஒரு துண்டு மேகம்கூட இல்லை. நாளையும் அப்படித்தான் என்றது வானிலைப் படம். இன்று மூன்று மணி நேரம், நாளை மூன்று மணி நேரம். எட்டு மணி நேரக் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும்.

ராஜினி இரண்டாம் மாடிக்கு இறங்கினாள்.

"அக்கா, அந்தச் சாவியக் குடுங்க. இன்னிக்கு ஒரு நாள் நான் கூட்டுறேன்."

லெட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க கூட்டுவீங்களா?"

"லேப்ப நான்தான் கூட்டுறேன்."

"லேப்பும் கோயிலும் ஒண்ணா மிஸ்?"

"என் வீட்ல தீட்டு இல்லக்கா. ஏமாத்துறதுதான் தப்புன்னா அது என்னோட இருக்கட்டும்."

 லெட்சுமி உள்ளே போய்ச் சாவியையும் விளக்குமாற்றையும் கொண்டுவந்தாள்.

"செருப்ப வெளிய விட்டுருங்க. மரத்தடியில நாகர் சிலை இருக்கு. அதுல குச்சி படக்கூடாது."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மற்றது எல்லோருக்கும் தெரிந்தது.

ஒன்பதரைக்கு விளக்கு அணைந்தது. ராஜினி முதல் இரண்டு பிரேம்களைப் பார்த்தாள். நட்சத்திரங்கள் வட்டமாக இருந்தன. மவுண்டை அதன் வேலையில் விட்டுவிட்டுக் கீழே போனாள்.

இருட்டில் இலைகள் தெரியவில்லை. சத்தத்தை வைத்துக் கூட்டினாள். சரசரவென்றால் இலை இருக்கிறது. உரசினால் வெறும் சிமெண்டு. அவள் நினைத்ததைவிடப் பெரிய முற்றம். ஒருமுறை நிமிர்ந்து மேலே பார்த்தாள். மொட்டை மாடி விளிம்பில் ஒன்றும் தெரியவில்லை. அங்கே கேமரா ஐந்து ஐந்து நிமிடமாக எண்ணிக்கொண்டிருந்தது. இலைகளைப் பக்கவாசல் வழியாக வெளியே தள்ளிக் கால்வாய் ஓரமாக ஒதுக்கினாள். கதவைப் பூட்டினாள். உள்ளங்கையில் ஒரு கொப்புளம்.

பன்னிரண்டரைக்கு எண்ணினாள். அன்றைக்கு முப்பத்தொன்று. மொத்தம் அறுபது. மீதி முப்பத்தாறு. மூன்று மணி நேரம். ஒரே ஓர் இரவு.

காலை ஏழரைக்குக் கதவு தட்டப்பட்டது. சனிக்கிழமை. பழனியப்பன் நின்றிருந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"கூட்டியிருக்கு மிஸ்."

"நல்லதாப் போச்சு."

"குப்பை வெளிய கெடக்கு."

அவளுக்குப் புரியவில்லை. குப்பை வேறெங்கே கிடக்கும்?

"விளக்கு வச்சப்புறம் எந்தச் சாமியாச்சும் குப்பைய வாசலுக்கு வெளிய தள்ளுமா? லட்சுமி தேவி போயிருவான்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தலைவரு பாத்த உடனே சொல்லிட்டாரு. இது சாமி இல்ல, ஆளுன்னு."

ராஜினியின் அம்மா பெயர் மார்க்கிரட். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் உண்டு. விளக்கு வைப்பது இல்லை. இரவில் கூட்டினால் குப்பையை வாளியில் போட்டு வெளியே வைப்பார்கள். காலையில் குப்பை லோரி வரும்.

"பக்கவாசல் சாவி மூணுதான்" என்றார் பழனியப்பன். "குருக்கள்கிட்ட ஒண்ணு. எங்கிட்ட ஒண்ணு. இன்னொண்ணு லெட்சுமிகிட்ட. தலைவரு கீழ நிக்கிறாரு. ரெண்டு பேருமா இப்ப அதுகிட்டப் போறோம்."

"போயி?"

"கேக்கணும். அதுதான்னா பரிகாரம் செய்யணும். கோயிலக் கழுவி, ஹோமம் வளத்து. நோட்டீஸ் போர்டுல போடணும். தேங்கா உடைச்சவங்க சும்மா இருப்பாங்களா?" அவர் தாடையைத் தேய்த்தார். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஆளு யாருன்னு தெரிஞ்சிட்டா கேமராவும் வேணாம், ஒண்ணும் வேணாம். லைட்ட பழையபடி ஒன்பதரைக்கு அணைச்சிரலாம். இன்னிக்கே. தலைவரே சொல்லிட்டாரு."

ஜன்னல் வழியாக வானம் தெரிந்தது. துடைத்தது போல் இருந்தது. மேசையில் மடிக்கணினித் திரையில் அறுபது என்ற எண் அப்படியே நின்றது.

"அண்ணே."

"சொல்லுங்க."

"நான்தான்."

"எது?"

"கூட்டுனது. எல்லா நாளும்."

பழனியப்பன் அவளைப் பார்த்தார்.

"எதுக்கு மிஸ்?"

"லைட்ட போட்டுருவாங்கன்னுதான்."

"மொத நாளே யாரும் லைட் போடுறேன்னு சொல்லலையே."

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"சாவி?"

"அக்கா வீட்ல தொங்குச்சு. எடுத்தேன்."

"கேக்காமயா?"

"கேக்காமத்தான்."

"கள்ளியும் ஆயிட்டீங்க." அவர் சிரிக்கவில்லை. "சரி, மொத அஞ்சு நாளும் குப்பைய எங்க வச்சீங்க?"

"வெளியதான். கால்வாய் ஓரமா."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே முற்றத்தைப் பார்த்தபடி பேசினார்.

"மூலையில குவிச்சு, மேல கூடையக் கவுத்து மூடி வச்சிருந்துச்சு. காலையில நான்தான் அள்ளிப் போட்டேன். யாருகிட்டயும் சொல்லல." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பத்தொன்பது வருசமா அந்தக் கூடை அப்படித்தான் கவுந்திருக்கும்."

பைலிங் சத்தம் தொடங்கியது. சனிக்கிழமையும் வேலை செய்தார்கள்.

"தலைவரு கேட்டா என்ன சொல்றதுன்னு படி ஏறுறப்பவே யோசிச்சுக்கிட்டு வந்தேன்" என்றார். "அஞ்சு மாடி. ஒண்ணும் கிடைக்கல."

திரும்பினார்.

"உங்க வீட்ல இந்த வருசம் சாவு ஏதும் இல்லையே?"

"இல்லண்ணே."

"அப்பப் பரிகாரம் வேணாம். ஒரு மன்னிப்புக் கடுதாசி குடுத்துருங்க. சாவியும் குடுங்க. லைட்டு..."

"போடுங்க."

"போட்டுத்தான் ஆகணும். பாத்துக்கிறேன்னு சொன்னவங்களே உள்ள வந்துட்டீங்கன்னா அப்புறம் யாரு பாக்குறது?" கதவருகே நின்றார். "இன்னும் எத்தனை மணி நேரம் வேணும் உங்களுக்கு?"

"மூணு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. இரண்டாம் மாடியில் நிற்கவில்லை.

அன்று மாலை ஏழுக்கு விளக்கு எரிந்தது. ஒன்பதரைக்கும் எரிந்தது. ராஜினி மொட்டை மாடிக்குப் போனாள். தலைக்கு மேல் அந்த ஆண்டின் மிகத் தெளிவான வானம். ஒரு பிரேம் எடுத்தாள். திரை முழுக்க வெளுப்பு. அழித்தாள். மவுண்டைக் கழற்றி, மூன்று தடவையாக எல்லாவற்றையும் கீழே கொண்டுவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அறுபது பிரேம்களையும் அடுக்கினாள். ஹைட்ரஜனைச் சிவப்பாகவும் ஆக்சிஜனை நீலமாகவும் சேர்த்தாள். இதழ்கள் வந்தன. சிவப்பு அழுத்தமாக, விளிம்பு வரை. நடுவில் நீலம் இருந்தது. மெல்லியது. கூட்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. குறைத்தால் காணாமல் போனது. இரண்டுக்கும் இடையில் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

லெட்சுமி வந்தபோது மணி நான்கு. கையில் ஒரு மூடிய பாத்திரம். முதல் முறையாக உள்ளே வந்தாள். யார் என்ன சொன்னார்கள் என்று இருவரும் பேசவில்லை.

"இதானா அது?"

"இதான்க்கா."

லெட்சுமி குனிந்து பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"நடுவுல மணல் மாதிரி இருக்கே."

"பிரேம் பத்தல."

"அத எடுத்துர முடியாதா?"

"முடியும். அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. வழவழன்னு ஆயிரும். ஆனா அந்த நீலத்துல எது நெஜமா வந்தது, எது அது போட்டதுன்னு அப்புறம் தெரியாது."

லெட்சுமி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வெகுநேரம் அந்த நடுப்பகுதியையே பார்த்தாள்.

"இந்த நீலம் எத்தனை நாள்ல வந்தது?"

"மூணு ராத்திரி."

"நான் கீழ இருந்தப்ப வந்ததும் இதுல இருக்கா?"

"ரெண்டு ராத்திரி இருக்கு. இருபத்தொன்பது பிரேம்."

"அப்ப அப்படியே விடுங்க மிஸ்."

ராஜினி கோப்பைச் சேமித்தாள்.